தகராறு இல்லாதவர்களுக்கு அட்வான்ஸ் இல்லை

கல்மண்டபம் பகுதியில் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தவர்களில் சட்டத்துக்குப் பயந்தவர் ஞானம் ஒருவர்தான். சரக்கு ரயில் பெட்டிகளின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றால் வண்டியை நிறுத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சிவப்புக் கொடி தெரிந்தால் நிற்க வேண்டும் என்பது அவர் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. அதனால் வாடகை முன்பணப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆட்டோ ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் வந்து, குடியிருப்பவரிடம் வாங்கிய அட்வான்ஸை வீட்டுக்காரர் தன் கையில் வைத்திருப்பது குற்றம், ஆணையத்திடம் ஒப்படைப்பது கடமை என்று முழங்கிவிட்டுப் போன மறுநாளே, இரண்டாம் மாடியில் குடியிருந்த ஆன்சி கொடுத்த அறுபதாயிரத்தை அவர் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிட்டார்.

தெருவில் மற்ற ஓனர்கள் சிரித்தார்கள். ஞானம் கவலைப்படவில்லை. தங்கநிற ஓரம் போட்ட பாதுகாப்புச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, முதல் மாடியில் தன் வீட்டுக் கூடத்தில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"இனிமே உன் காசு கவுர்மெண்டு பூட்டுல கீதும்மா. நான் செத்தாலும் உனக்கு வந்துரும்" என்றார் ஆன்சியிடம்.

"நீங்க இன்னாத்துக்கு அங்கிள் சாவணும்? குடுத்தா வாங்கிக்கப் போறேன்" என்றாள் ஆன்சி. அப்போது அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆன்சி திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் பில் போடுகிறவள். அவள் கணவன் ஜெரி துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் ஒரு நாள் ஞானம் வீட்டுப் படிக்கட்டில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து அனுப்பிய டாக்டர், ஒரு வருடம் படி ஏறக்கூடாது என்று சொன்னார். இரண்டாம் மாடிக்காரனுக்கு இதன் அர்த்தம், ஒரு வருடம் வெளியே போகக்கூடாது என்பது. ஜெரி ஜன்னல் வழியாகத் துறைமுகத்துக் கிரேன்களின் தலையைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். எந்தக் கிரேனை யார் ஓட்டுகிறார்கள், யார் சரியாக ஓட்டவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அதையும் நிறுத்திவிட்டான்.

அவன் பேச்சை நிறுத்திய வாரத்தில்தான் ஆன்சி வீடு தேட ஆரம்பித்தாள். திருவொற்றியூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு தரைத்தள வீடு கிடைத்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார இடம் இருந்தது. ஓனர், மாசக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் சாவி தருகிறேன் என்றார்.

ஆன்சி ஞானத்திடம் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு வருத்தம்தான். ஆனாலும், "நாளைக்கே போலாம். நீயும் வா, நானும் வரேன். ரெண்டு பேரும் சேந்து போய்க் கேட்டா ஒரே நாள்ல முடிஞ்சுரும்" என்றார்.

அவர் வாழ்க்கையில் சொன்ன மிகத் தவறான வாக்கியம் அதுவாக இருக்கும்.

ஆணையத்தின் மண்டல அலுவலகம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இயங்கியது. வாசல் பெஞ்சில் ஒரு வயதானவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் மண்டபத்தின் ஓனர். ஆணையம் குடிவந்ததிலிருந்து அவருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் சட்டப்படி அதை அவர் ஆணையத்திடமே கட்ட வேண்டும், வீண் அலைச்சல்தானே என்று சொல்லிவிட்டார்களாம்.

பவானி என்ற பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். நல்ல மாதிரிதான். உட்காரச் சொன்னார்.

"என்ன தகராறு?"

"தகராறு இல்லீங்க. காலி பண்றோம். அட்வான்ஸ் வேணும்" என்றாள் ஆன்சி.

"ஓனர் தரமாட்டேங்கிறாரா?"

"நான்தான் ஓனரு" என்றார் ஞானம். "குடுத்துருங்கோன்னு சொல்லத்தான் வந்துகிறேன்."

பவானி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையே பந்தி பரிமாற வந்தது போலப் பார்த்தார்.

"சார், இங்க பாருங்க. சேதம்னு ஒண்ணு இருக்கு. வாடகை பாக்கின்னு ஒண்ணு இருக்கு. அத்துமீறல்னு ஒண்ணு இருக்கு. இதுல ஏதாவது ஒண்ணத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் வரும். சம்மதம்னு ஒரு இடமே கெடையாது."

"அப்போ சண்ட போடாதவங்களுக்கு?"

"சண்ட போடாதவங்க எதுக்கு இங்க வர்றாங்க?" என்றார் பவானி. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

பாதுகாப்பு அலுவலர் கருணாகரனைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் மணமகள் அறையில் இருந்தார். மேசைக்குப் பின்னால் மணப்பெண்ணுக்கான பெரிய நிலைக்கண்ணாடி அப்படியே இருந்ததால், வந்தவர்கள் அவரிடம் கெஞ்சும்போது தாங்கள் கெஞ்சுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. கருணாகரன் மேடையில் பேசுவது போலத்தான் அறையிலும் பேசுவார்.

"நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்று ஆரம்பித்தார். "இந்தப் பணத்தை வீட்டு உரிமையாளரிடமிருந்து நாங்கள் பாதுகாக்கிறோம். எதற்காக? குடியிருப்பவருக்காக. அதே பணத்தைக் குடியிருப்பவரிடமிருந்தும் பாதுகாக்கிறோம். எதற்காக? வீட்டு உரிமையாளருக்காக. இப்போது நீங்கள் இருவரும் ஒன்றாக வந்து நிற்கிறீர்கள். எங்கள் பார்வையில் ஆபத்து இரண்டு மடங்காகிவிட்டது."

"சார், அது இவங்க காசு" என்றார் ஞானம்.

"எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆணையம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு ரூபாய்கூடக் காணாமல் போனதில்லை."

"எத்தினி பேருக்குத் திருப்பிக் குடுத்துக்கிறீங்க?" என்று ஆன்சி கேட்டாள்.

கருணாகரன் முகம் மலர்ந்தது. "அதைத்தான் அம்மா சொல்கிறேன். ஒரு ரூபாய்கூட வெளியே போனதில்லை."

வெளியே வந்ததும் ஞானம் மண்டபத்து ஓனர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். சட்டம் என்றால் தண்டவாளம் மாதிரி, ஒழுங்காகப் போனால் ஊர் போய்ச் சேரலாம் என்று நினைத்தவர் அவர். பிறகு எழுந்து, "சின்னதா ஒரு தகராறு எய்திக் குடுத்துருவோம். சொவத்துல ஆணி அடிச்ச, ஓட்டை வுயுந்துச்சுன்னு" என்றார்.

எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வாரமே பவானியும் அளவெடுக்கும் ஆள் ஒருவரும் வீட்டுக்கு வந்தார்கள். டேப்பைப் பிரித்துச் சுவர் சுவராகத் தடவிப் பார்த்தார்கள். ஓட்டை கிடைக்கவில்லை. ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், வீடு அலங்கோலமாக இருக்கக் கூடாதே என்று முந்தின நாள் ஞானமே ஓட்டையையெல்லாம் பட்டி வைத்து அடைத்து, மேலே வெள்ளையும் அடித்திருந்தார்.

"இன்னா அங்கிள் இப்பிடிப் பண்ணிட்டீங்கோ!" என்று ஆன்சி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"பய்க்க தோஷம்மா" என்றார் அவர் பரிதாபமாக.

அளவெடுக்கும் ஆள் இரக்கப்பட்டு, இப்போது ஒரு ஆணி அடித்தால் எழுதிக்கொள்கிறேன் என்றார். பவானி, பார்வையிடும்போது உண்டாகும் சேதம் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார். அறிக்கை வந்தது: வீடு நல்ல நிலையில் உள்ளது, ஆகவே முன்பணத்தைத் திருப்பித் தர முகாந்திரம் இல்லை. பொய்த் தகராறு கொடுத்ததற்கு எச்சரிக்கை ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது.

அதற்குள் மாதம் முடிந்துவிட்டது. திருவொற்றியூர் ஓனர் இரண்டு தடவை கெடுவை நீட்டிக் கொடுத்தார். மூன்றாவது தடவை ஆன்சி போனபோது வாசலில் வேறு யாரோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து ஜெரியிடம் சொன்னாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசியாக நேரடி விசாரணைக்கு மனுப் போட்டார்கள். இரு தரப்பும் அலுவலர் முன்னால் நின்று தகராறை நிரூபிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஜெரியின் கட்டிலருகே வைத்து ஒத்திகை பார்த்தார்கள். நீண்ட நாளுக்குப் பிறகு ஜெரிக்கு உற்சாகம் வந்தது. தலையணையில் சாய்ந்துகொண்டு சொல்லிக்கொடுத்தான்.

"அங்கிள்னு கூப்டாத. 'யோவ்'னு ஆரம்பி."

"யோவ் அங்கிள்" என்றாள் ஆன்சி. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

"அங்கிள், நீங்க அவளப் பாத்து, 'உன்ன வெச்சதே தப்பு, வூட்டையே கலீஜ் பண்ணிட்ட'ன்னு சொல்லுங்க."

ஞானம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உன்ன வெச்சது தப்பும்மா" என்றார். அதற்கே அவருக்கு முகம் வாடிவிட்டது. அன்று மதியம் அவர் அங்கேதான் சாப்பிட்டார்.

விசாரணை மண்டபத்தின் மணமேடையில் நடந்தது. மணமக்களுக்கான சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் ஒன்றில் கருணாகரன் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் அவருடைய பை இருந்தது. கீழே தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பவானி குறிப்பெடுக்கத் தயாரானார்.

"தகராறைத் தொடங்கலாம்" என்றார் கருணாகரன்.

ஆன்சி மேடையில் ஏறியதும் ஒத்திகையை மறந்துவிட்டாள். "இவரு... தண்ணி சரியா வுடல."

"எப்போது?"

"போன வருசம். மோட்டாரு ரிப்பேரு."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"அவரே கொடத்துல தூக்கினு வந்து ஊத்துனாரு."

கருணாகரன் ஞானம் பக்கம் திரும்பினார். "உங்கள் தரப்பு?"

"இவங்க காலங்காத்தால மிக்சி போடுவாங்கோ. ஒரே சத்தம்."

"அதனால் உங்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு?"

ஞானம் யோசித்தார். "சட்னில எனக்கும் ஒரு கிண்ணம் வரும்."

கீழே யாரோ சிரித்தார்கள். கருணாகரன் பேனாவை மூடினார். "இது தகராறு இல்லை. இது நன்றி அறிவிப்புக் கூட்டம். மனுவைத் தள்ளுபடி செய்கிறேன். இனி ஓர் ஆண்டுக்கு நீங்கள் மனுப்போட முடியாது."

ஓர் ஆண்டு என்ற சொல் ஆன்சியின் காதில் விழுந்தது. கட்டிலும் ஜன்னலும், வாசலில் வேறு யாரோ போட்டிருந்த நாற்காலியும் அவள் கண்முன் வந்தன.

"சார், இருங்க" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "படிக்கட்டுல கைப்பிடி இல்ல. ஒரு கம்பி வெய்யுங்கோன்னு நான் குடிவந்த நாள்லேர்ந்து கேட்டுகினு கீறேன். வெக்கறேன் வெக்கறேன்னே சொன்னாரு. கவுர்மெண்டு சொன்னா மறுநாளே ஓடிப்போய்க் காசு கட்டத் தெரியுது. நான் சொன்னா ஒரு கம்பி வெக்கத் தெரியல. அது இருந்திருந்தா எம்புருசன் வுயுந்திருக்க மாட்டாரு."

ஞானம் அவளைப் பார்த்தார். ஒத்திகையில் இது இல்லை. ஜெரி விழுந்த நாளிலிருந்து அவள் இதைச் சொல்லிவிடுவாளோ என்று அவர் பயந்துகொண்டிருந்தார். அவள் சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"அன்னிக்கு அவன் எந்த நெலமைல வந்தான்னு சொல்லட்டா?" என்றார். "குடிச்சிட்டு நிக்க முடியாம வந்தான். பாத்தவன் நானு. கான்ட்ராக்டர் வந்து கேட்டப்போ, இல்ல சார், மயத் தண்ணி, வழுக்கிடுச்சுன்னு பொய் சொன்னவனும் நான்தான். அவன் வேலைக்கோசரம். அதுக்கு எனுக்கு இதான் மரியாதயா?"

ஆன்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு பேரு காதுல வுயுற மாதிரி சொல்லிட்டீங்க இல்ல? நல்லாருங்க" என்றாள்.

பவானி எழுதுவதை நிறுத்தித் தலைகுனிந்துகொண்டார். கருணாகரன் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.

"அற்புதம்! இப்படி ஒரு தகராறைத்தான் இந்த ஆணையம் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தது. ஆதாரம் இருக்கிறது, ஆத்திரம் இருக்கிறது, இரு தரப்பிலும் கண்ணீர் இருக்கிறது. சட்டம் யாருக்காக எழுதப்பட்டது? உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்."

"சார், அந்தக் கான்ட்ராக்டர் விசயம்..." என்று ஞானம் இழுத்தார். சொன்னது என்ன என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கவலையே வேண்டாம். எங்களிடம் வந்த எதுவும் வெளியே போவதில்லை" என்றார் கருணாகரன்.

உத்தரவு அன்றே தயாரானது. தகராறு மெய்யென நிரூபணமானதால் முன்பணம் முழுவதும் குடியிருந்தவருக்கே சேரும். அன்று இருவரும் வேறு வேறு பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். மறுநாள் காலையில் ஆன்சி மிக்சி போடவில்லை. அம்மியும் இல்லாததால் அன்று சட்னியே இல்லை.

ஆணையத்தின் முதல் விடுவிப்பு என்பதால் காசோலையை விழா வைத்துத்தான் கொடுப்பார்கள் என்று தகவல் வந்தது. கதவு அகலத்துக்கு அட்டையில் ஒரு காசோலை செய்திருந்தார்கள். நிஜக் காசோலை அதன் பின்னால் ஒட்டியிருந்தது. கருணாகரன் நீண்ட நேரம் பேசினார்.

"சில பேர் கேட்கிறார்கள், இந்த ஆணையம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று. நான் சொல்கிறேன். இந்த அம்மாவும் இந்தப் பெரியவரும் தங்களுக்குள்ளேயே பேசி, ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அவர்களுக்குள் இவ்வளவு பெரிய பிரச்சினை இருப்பது அவர்களுக்கே தெரியாமல் போயிருக்கும். அதை வெளியே கொண்டுவந்தது நாங்கள்."

எல்லோரும் கைதட்டினார்கள். வாசலில் இருந்த மண்டபத்து ஓனரும், தனக்கும் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கையில் கைதட்டினார்.

போட்டோவுக்கு நிற்கும்போது ஆன்சியும் ஞானமும் அட்டைக் காசோலையின் இரண்டு ஓரங்களைப் பிடித்திருந்தார்கள். ஆன்சி அட்டைக்குப் பின்னால் மெதுவாக, "அங்கிள்..." என்றாள்.

கருணாகரனுக்குக் காது கூர்மை. "அம்மா, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நீங்கள் காலி செய்ததை நேரில் பார்த்து நாங்கள் உறுதி செய்த பிறகுதான் இந்தக் காசோலை பணமாகும். பணமாவதற்குள் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டதாகத் தெரிந்தால், தகராறு இல்லாத வழக்கு ஆகிவிடும். உத்தரவு தானாகவே ரத்து."

ஆன்சி வாயை மூடிக்கொண்டாள். ஞானம் கேமராவைப் பார்த்தார்.

ஆன்சி வட்டிக்குக் கடன் வாங்கி, திருவொற்றியூர் ரயில்வே கேட் பக்கம் ஒரு சந்தில் தரைத்தள வீடு பிடித்தாள். ஓதம் ஏறிய சுவர், வாசலில் நாற்காலி போட இடமில்லை. ஆனால் படி இல்லை. புது ஓனருக்கு அட்வான்ஸ் ஆணையம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆன்சி அதைப் பற்றி அவரிடம் மூச்சுவிடவில்லை.

காலி செய்த அன்று காலையில் சாமான்கள் வண்டியில் ஏறின. ஜெரியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இறக்க இரண்டு பேரைச் சொல்லிவைத்திருந்தாள். ஒருவர்தான் வந்தார். இன்னொருவருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் திடீரென்று வேலை வந்துவிட்டதாம். கீழே தெருவில் பவானியும் கோப்போடு நின்றிருந்தார். காலி செய்வதை நேரில் பார்க்க வந்தவர்.

ஆன்சியும் அந்த ஆளும் நாற்காலியைத் தூக்கி நாலு படி இறங்கியதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. நிலைதடுமாறிச் சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள். கையில் ஒரு கம்பி தட்டுப்பட்டது. புதிதாகப் பதித்த இரும்புக் குழாய். முந்தின நாள் இரவு வரை அது அங்கே இல்லை. காலையில் அவள் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது கேட்ட தட்டல் சத்தம் இதுதானா? பெயின்ட் இன்னும் காயவில்லை. உள்ளங்கை முழுக்கப் பச்சையாகிவிட்டது.

முதல் மாடிக் கதவு திறந்தது. ஞானம் வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆன்சியின் கையை விலக்கிவிட்டு, நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தார். ஒவ்வொரு படியாகப் பின்பக்கம் கால்வைத்து இறங்கினார். ஜெரி அவர் நரைத்த தலையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கீழே இறங்கியதும் பவானி கோப்பைத் திறந்தபடி கிட்டே வந்தார். அவருக்கும் இது பிடித்த வேலை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கேட்டாக வேண்டும்.

"என்ன சார், நீங்களே தூக்கறீங்க? சமாதானம் ஆயிட்டீங்களா?"

ஞானம் நாற்காலியை ஆட்டோ பக்கத்தில் இறக்கினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இன்னா சமாதானம்? இதுங்க எப்போ தொலையும்னு பாத்துகினு கீறேன். லேட்டாவுதேன்னு நானே தூக்கியாந்து வெளிய போட்டேன். எய்திக்கோ" என்றார்.

பவானி எழுதிக்கொண்டார். ஞானம் திரும்பிப் பார்க்காமல் படியேறினார். ஆன்சி பச்சையான உள்ளங்கையைப் புடவையில் துடைக்காமல் மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ கல்மண்டபம் தாண்டித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

"அங்கிள் சொன்னது அந்தம்மாவுக்கா, நமக்கா?" என்று ஜெரி கேட்டான்.

ஆன்சிக்குத் தெரியவில்லை. அவரிடமே கேட்கலாம் என்றால், காசோலை பணமாக வேண்டும்.